சொந்தக் குவளைக்கு அஞ்சு காசு

ரிங்லெட்டில் பஸ் நிற்கிறது. வாரக்கணக்கில் மழை இல்லை. சாலையோரத் தேயிலையில் தூசி படிந்திருக்கிறது. நானாவின் தேநீர்க் கடைக் குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது. பிடித்துவைத்த பீப்பாய் காலியானால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் மதியம் தாண்டியும் அடுப்பு எரிகிறது. கொழுந்து ஏற்றும் லோரிக்காரர்கள் ஆளுக்கொரு எனாமல் குவளையோடு வருகிறார்கள்.

"இது என்ன நானா, புதுசா இருக்கு?" என்கிறேன்.

"கிளாஸ் கழுவியே பாதி பீப்பாய் போச்சு தங்கச்சி. சொந்தக் குவளை கொண்டாங்க, தண்ணி மிச்சமாகும்னு கெஞ்சினேன், எவனும் காதுல போட்டுக்கல. சொந்தக் குவளைக்கு அஞ்சு காசு கொறைச்சேன். இப்ப பொண்டாட்டி பேர மறந்தாலும் குவளைய மறக்க மாட்டானுங்க லா."

"உனக்குத்தானே நட்டம்?" ஒரு லோரிக்காரர் சீண்டுகிறார்.

"கடைய சாத்துனா அதவிட நட்டம்."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பொருளாதாரத் தேர்வில் விலையைப் பற்றி நன்றாகவே எழுதினேன். இந்தக் கடையைப் பார்த்திருந்தால் இதையே உதாரணமாக எழுதியிருப்பேன்.

பிளாஸ்க் மூடியைக் கழற்றி நீட்டுகிறேன். நானா தேநீர் ஊற்றி, அஞ்சு காசைத் திருப்பித் தருகிறார். பிறகு பீப்பாயைத் தட்டிப் பார்க்கிறார். கனத்த சத்தம்.

"ராத்திரி வரைக்கும் தாங்கும்," என்று அடுப்பில் இன்னொரு விறகை வைக்கிறார்.