ஐஸ் தண்ணீரும் அப்பாவின் காதும்

அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அவருடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனை எப்போதும் மாமா கையில், அதாவது அம்மாவின் தம்பி கையில் இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அக்காள் தாலியை நினைத்தாவது பிடியை விடமாட்டான் என்ற கணக்கு. அப்பா கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மாமா தூக்கிவிடுவார். அந்த மாசியில் ஒரு நாள் கயிறு அசையவே இல்லை. மனசு பொறுக்காமல் மாமாவே தூக்கினார். மேலே வருவதாக எண்ணிக்கொண்டு அப்பா கடல் தரையோடு நீந்திக்கொண்டிருந்திருக்கிறார்.

மேல் கீழ் தெரிவது காதால்தானாம். காது டாக்டரிடம் போக அப்பா சம்மதித்ததே அதிசயம். "ஒங்க அப்பா சொல்லுதத நம்ப முடியாது. நீ கூடப் போயிப் பார்த்துட்டு வந்து சொல்லு, ஏளா" என்று ஒன்பது வயதான என்னை அம்மா உளவுக்கு அனுப்பினாள். டாக்டர் கேட்டிருந்தபடி, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ்கட்டியை மாமா சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்.

அப்பாவைத் தலை உயர்த்திப் படுக்கவைத்து, ஐஸில் குளிரவைத்த தண்ணீரை டாக்டர் இடது காதில் விட்டார். சற்று நேரத்தில் அப்பாவின் கண்மணிகள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தன. அப்பாவின் கை துழாவி, மாமாவின் துண்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான். மாமா அவரை அப்படியே அள்ளி உட்காரவைத்துவிட்டார். தண்ணீரெல்லாம் டாக்டர் சட்டையில்.

"என்னய்யா செய்யுதீரு?"

"இழுத்தாரு சார். தூக்கிட்டேன்" என்றார் மாமா.

தலைசுற்றல் அடங்கியபின் வலது காது. மாதாவை வேண்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் இன்னும் குளிர்ந்த தண்ணீரை விட்டார். கண்மணிகள் நட்டநடுவில் நின்றன. "சில்லுன்னு இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமாவை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் எங்களை அனுப்பினார்.

"எடது காதுதாம்மா மோசம். வலது காது கல்லு மாதிரி இருக்கு" என்று அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலேயே வந்த மாமா ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார்.

"ஏலே, கயித்த எங்க கொண்டு போற?" என்றார் அப்பா.

"வலது காதுதான் போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு அத்தான். இனிமே நான் பிடிக்க மாட்டேன்."

அப்பா சிரித்தார். "கண்ணால பார்த்த புள்ள நிக்கா, அவகிட்ட கேளு."

மாதா மேல் ஆணையாக வலது காதில் விட்டபோது கண் அசையவில்லை என்று நானும் சாட்சி சொன்னேன். மாமா கயிற்றோடு போய்விட்டார். மைத்துனனே விட்ட கயிற்றை ஊரில் வேறு யாரும் தொடவில்லை. அப்பா உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்.

போன வருஷம் எனக்கே தலைசுற்றல் வந்து அதே சோதனை செய்தார்கள். தண்ணீர் போனதும் கட்டிலே கவிழ்ந்ததுபோல் ஆகி, நர்சம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "சுத்தட்டும்மா. சுத்துனாத்தான் காது உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

அந்தக் கல்லுக் காதோடு அப்பா பேரன் பேத்தி பார்த்து, கடைசிவரை மாமாவைத் திட்டிக்கொண்டே இருந்தார். கயிறு அசையாதபோதும் தூக்குகிறவர் மாமா என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.