மந்தின் தடுப்பில் மூச்சு விடாதவன்

பிள்ளைகளே, மலாயாவில் அவசரகாலம்; மந்தின் ஊர்ச் சாலைத் தடுப்பில் நான் வரும் பஸ் நிற்கிறது. ஓட்டை போடாத பால் டின் காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ரப்பர் தோட்டத்துக்குள் கொண்டுபோகத் தடை. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் தோட்டத்துப் பெண் ஒரு டின்னை முன்சீட்டுக்கு அடியில் காலால் தள்ளுகிறாள்.

"ஓட்டை போட்டா பால் கெட்டுப்போயிரும்ண்ணே. மூச்சு விட்றாதீங்க."

போலீஸ்காரர் டின்னைக் கண்டுபிடித்து, முன்சீட்டிலிருக்கும் சீனக் கிழவரைச் சட்டையைப் பிடித்து இறக்குகிறார். தன்னுடையது இல்லை என்று மலாயில் கெஞ்சியபடியே அவர் என்னைப் பார்க்கிறார். நான் குழந்தையைப் பார்க்கிறேன்.

பஸ் புறப்பட்டதும் அவள் அழுகிறாள்.

"நான்தான் பயந்தவ. நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமேண்ணே."

வீட்டில் சத்தம் போட்டால், மூச்சு விடக்கூடாது என்று உங்களை அதட்டுவேன். இனி அதட்ட எனக்கு வாய் வராது.