பம்ப் ஓடுகிறது, தண்ணீர் எங்கே?

பிராங்பேர்ட்டுக்கு வெளியே எங்களுக்கு ஒரு தோட்டமும் சிறிய மரவீடும் உண்டு. பனிக்காலம் முடிந்ததும் கிணற்றுப் பம்பைப் போட்டேன். பம்ப் ஓடியது, தோட்டக் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. பம்புக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. இழுக்கிற தண்ணீர் எங்கேதான் போகிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்பேனர் எடுக்க மரவீட்டின் கதவைத் திறந்தேன்.

“இஞ்சாருங்கோ, கால் வைக்காதேங்கோ!” என்று பின்னால் வந்த மனைவி கத்தினாள். “நிலமெல்லாம் தண்ணி! கரண்ட் வயர் கிடக்குது!”

தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரைத் தண்ணீர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். குளிரில் குழாய் வெடிக்கக்கூடாதென்று, சமையல் தொட்டிக்குக் கீழே தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்துவிட்டுப் போனவன் நானேதான். அதை மூடவே மறந்திருக்கிறேன்; பம்ப் இழுத்த தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் கொட்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் அதைத் திறக்கும் அன்றே, “முதலில் மூடு” என்று எழுதி பம்ப் சுவிட்சில் கட்டிவிடுகிறேன். வயர்களையும் ஆணியில் உயரமாக மாட்டிவிட்டேன்.