மூன்று மாடி இறங்கிய மேடைக் கதிரை

அன்பான சகோதர சகோதரிகளே, ஒரு லிஃப்ட் பழுதானதைப் பற்றித்தான் சாட்சி சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டாம். லிஃப்டோடு சேர்ந்து எங்கள் சபையும் நின்றுவிடப் போகிறது என்று நான் அழுதிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் கடைகளுக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒரு வாடகை மண்டபத்தில் நாங்கள் கூடுகிறோம். போன வருடம் எங்கள் பாஸ்டர் கனடாவுக்குப் போனார். போகும்போது சபையை என் கையில் கொடுத்து, மேடையில் இருந்த சிவப்பு மெத்தைக் கதிரையிலும் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். சபையை வளர்த்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அதற்காக உபவாசம் இருந்து ஜெபித்தேன். அடுத்த மாதமே லிஃப்ட் நின்றது. கட்டிட முதலாளியிடம் போனேன். "மே மாசே பேஹே மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். இந்த மாதம் முடியாதாம். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார்.

எங்கள் சபையில் பாதிப் பேர் முழங்கால் நோவுக்காரர். ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வளரக் கேட்டது பிழையா? நான் பொறுப்புக்கு வந்ததே பிழையா? கடைசியில், "ஆண்டவரே, வருகிற ஞாயிறு லிஃப்ட் ஓடினால் சபையை நடத்துவேன், ஓடாவிட்டால் மூடிவிடுவேன்" என்று ஜெபித்தேன்.

லிஃப்ட் ஓடவில்லை.

மூடுகிறோம் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி மேலே நின்றேன். கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்த செல்வமணி அக்கா, படியடியில் உட்கார்ந்து தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"நீங்க மேல போய் ஆராதனையை நடத்துங்கோ தம்பி. ஜன்னலை மட்டும் திறந்து விடுங்கோ. இஞ்ச இருந்து கேட்டாலே எனக்குக் காணும்."

மேலே ஓடினேன். பிளாஸ்டிக் கதிரை எதுவும் ஆளை வைத்துத் தூக்கினால் தாங்காது. பலமான கைபிடியோடு இருந்தது மேடைக் கதிரை ஒன்றுதான். அதை இழுத்துக்கொண்டு இறங்கும்போது, இரண்டாம் மாடியில் தையல் கடை வைத்திருக்கும் ஃபரீத் நானா கதவைத் திறந்தார்.

"என்ன பாஸ்டர், சபைய காலி பண்றீங்களா?"

"இல்லை நானா. ஒராளைத் தூக்கோணும்."

"அப்ப நில்லுங்க, நானும் வாறேன்."

கீழே போய் அக்காவைக் கதிரையில் உட்கார வைத்தோம். நானா மேல்பக்கம் பிடிக்க, நான் கீழ்ப்பக்கம் பிடித்தேன். இயேசு இடுப்பில் துண்டு கட்டி சீடரின் கால் கழுவியதைப் பற்றி அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று பிரசங்கித்தவன் நான். இப்போது செல்வமணி அக்காவின் வீங்கிய பாதங்கள் என் நெஞ்சில் இடித்தன.

"மெதுவா தம்பி! விழுத்திப் போடாதீங்கோ. நான் இன்னும் பரலோகம் போக ரெடியில்லை."

சிரித்தேன். அழுகையும் வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது, மூடுகிறோம் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, மூச்சும் இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் நானும் இன்னும் சில சகோதரர்களும் தூக்குகிறோம். வராமல் நின்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். புதிதாகப் பெரிய கூட்டம் ஒன்றும் சேரவில்லை. கனடாவிலிருந்து பாஸ்டர் போன் கோல் எடுத்து, "சபை வளருதோ?" என்று கேட்டார்.

"தெரியாது பாஸ்டர். ஆனா நாரி நோகுது" என்றேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

என் ஜெபம் கேட்கப்பட்டதா? கேட்டது லிஃப்ட், கிடைத்தது நாரி நோவு. யோசித்தால் இன்னமும் குழப்பம்தான். ஆனால் மேடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் வராத சமாதானம் அந்தப் படிகளில் எனக்கு வருகிறது. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். எல்லாம் விளங்கிய பிறகுதான் அவரை நம்ப வேண்டும் என்றில்லை.

படியேற முடியாது என்று வீட்டில் இருப்பவர்களே, வாருங்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மேடைக் கதிரை இப்போது கீழே, படியடியில்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள், தூக்க நான் நிற்கிறேன்.