மந்த வாயுவில் ஓடவேண்டிய எஞ்சின்

1. முதல் நாள்

ராஜபாளையம் ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு நல்ல டீசல் எஞ்சினின் வாயை அடைக்கச் சொன்னார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், சாயப்பட்டறை, கல்குவாரி என்று சுற்றி, பாதி நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்து, கடைசியில் வெல்டிங் கற்றிருந்தேன். சொன்ன வேலையைச் செய்தேன். காற்று உள்ளே போகும் வழி, புகை வெளியே வரும் வழி இரண்டையும் தகடு வைத்துப் பற்றவைத்தேன். டீசல் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஸ்பார்க் பிளக் மாட்டினோம்.

முதலாளி பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர், கூடவே இந்த எஞ்சின் ரிப்பேர் ஷெட்டும் வைத்திருந்தார். ஊரில் ராஜா என்பார்கள். வெளிநாட்டில் யாரோ ஆர்கான், ஹீலியம் போன்ற மந்த வாயுக்களை அடைத்து எஞ்சின் ஓட்டியதாகப் போனில் வீடியோ பார்த்ததிலிருந்து அவர் தறிப் பக்கம் போவதில்லை.

"ஒரேய், டீசல் கெடையாது, பொகை கெடையாது. ஒருதடவ கேஸ அடைச்சா வருசம் பூரா ஓடும்."

"முதலாளி, ஆர்கான் எரியாதே. அது ஒண்ணும் செய்யாதுன்னுதான வெல்டிங்ல ஊதுறோம்?"

"இதுவரைக்கும் அதுகிட்ட யாரும் வேலை சொல்லல."

எஞ்சின் பக்கத்துக் கிராமமான தேவதானத்துப் பேச்சியம்மாளுடையது. பிஸ்டன் ரிங் மாற்றக் கொடுத்திருந்தார். அவர் கிணற்றுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. டீசல் கேன் சுமந்து அலுத்துப்போய், முதலாளி சொன்னதற்குச் சரி என்றுவிட்டார். இப்போது அவர் நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நின்றது. இந்த நேரம் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

தினமும் ஷெட்டுக்கு வந்துவிடுவார்.

"ஏலே, எஞ்சின் எங்கலே?"

"ரெடியாகுதுக்கா."

"எம்புட்டு நாளா ரெடியாகுது? வயலு வெடிச்சுக் கெடக்கு. ஒங்க ராசாவ வந்து அதுல மந்த வாயு ஊதச் சொல்லு."

ஆர்கான் அடைத்தோம். பிளக் பொறி விட்டது. எஞ்சின் அசையவில்லை.

"இதுகூட ஹீலியம் சேரணும்" என்றார் முதலாளி.

2. டியூப்புக்கு டிக்கெட்

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரோட்டம். அங்கே கேஸ் பலூன் விற்கும் பாயிடம் பிடித்துவரச் சொல்லி, ஒரு லாரி டியூப்பைக் கையில் கொடுத்தார்.

"பாய், இது ஹீலியமா?"

"பறக்குதுல்ல? பொறவென்ன கேள்வி?"

ஊதிய டியூப்போடு பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

"அண்ணே, உள்ள வெறும் காத்துண்ணே."

"காத்துதான் ரெண்டாள் எடத்துல ஒக்காந்திருக்கே."

3. சுவிட்ச்

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, டியூப்பில் இருந்ததை எஞ்சினுக்குள் அடைத்தோம். ஃபிளைவீலுக்குச் சந்தனம் வைத்தோம். எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்க எஞ்சினுக்குச் சக்கரம் இல்லாததால் முதலாளியே மிதித்து நசுக்கினார். பேச்சியம்மாள் கும்பிட்டபடி நின்றார். சுவிட்சைத் தட்டியதும் அணுகுண்டு வெடி போட்டதுபோல ஒரு சத்தம். ஃபிளைவீல் நாலைந்து சுற்று சுற்றியது. புகை வழியை அடைத்த தகடு கூரையைப் பொத்துக்கொண்டு போயிற்று.

"ஓடிருச்சு!" என்று குதித்தார் முதலாளி.

"ஓடிருச்சா? வெடிச்சிருச்சுய்யா!" என்றார் பேச்சியம்மாள்.

பாய்க்குப் போன் போட்டேன். ஹீலியம் கட்டுபடியாகாது, அது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைக்காதே என்றார். சிலிண்டருக்குள் மிச்சமிருந்த காற்றோடு சேர்ந்து அது எரிந்திருக்கிறது. முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப ஹைட்ரஜனும் மந்த வாயுதான். இத்தன நாளா யாருக்கும் தெரியல."

பேச்சியம்மாள் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஏலே, இன்னைக்குத் தண்ணி பாயலன்னா எனக்கு அறுக்க ஒண்ணும் இருக்காது."

நான் கிரைண்டரை எடுத்தேன். முதலாளி குறுக்கே வந்தார்.

"ஆராய்ச்சியக் கெடுக்காதடா."

"ஒங்க ஆராய்ச்சி காத்திருக்கும் முதலாளி. நெல்லு காத்திருக்காது."

மிச்சமிருந்த தகட்டையும் அறுத்து எடுத்தேன். நல்லவேளை, ஹெட்டில் விரிசல் இல்லை. ரிங் மாற்றி, இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டி, மினி லாரியில் ஏற்றித் தேவதானம் கொண்டுபோய் இறக்கினோம். கைப்பிடி போட்டுச் சுற்றியதும் கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு ஓடியது. செத்த நேரத்தில் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

முதலாளி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்திருந்தார். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்துல நூத்துல ஒரு பங்கு ஆர்கான், தெரியும்ல?"

"தெரியாது முதலாளி."

"எஞ்சின் காத்தத்தான இழுக்குது? அப்ப ஆர்கானும்தான உள்ள போகுது? ஓடுதுல்ல?"

பேச்சியம்மாள் மண்வெட்டியோடு நிமிர்ந்தார். "ராசா, அந்த ஒரு பங்க நீங்களே வச்சுக்கிடுங்க. இப்ப மடைய விட்டுத் தள்ளி நில்லுங்க, தண்ணி போட்டும்."

அவர் தள்ளி நின்றார். தண்ணீர் போயிற்று.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எந்த வாயுவை வேண்டுமானாலும் அடைத்துப் பாருங்கள், முதலாளி சொன்னால் செய்துதான் ஆகவேண்டும். ஆனால் அதற்கான எஞ்சினைப் பழைய இரும்புக் கடையில் வாங்குங்கள். கிணற்றிலிருந்து கழற்றி வந்த எஞ்சினில் கை வைக்காதீர்கள். அதை நம்பி ஒரு வயல் காத்துக்கொண்டிருக்கும்.