ஊசிக்காரர் வண்டியின் சத்தம்

போன வாரம் கள்ளக்குறிச்சிப் பட்டறையில் என் பழைய ஜப்பான் பைக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், மின்மினி மாதிரி எரிந்த லைட்டுக்குப் பதில் நல்ல லைட்டு, துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் புதுசு. ரிட்டையரான மனுஷனுக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று வீட்டில் கேட்கத்தான் செய்தார்கள்.

மெக்கானிக் சேட்டு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "சார், சவுண்டு ஜாஸ்தியா வெக்கட்டா, கம்மியா வெக்கட்டா? பசங்கல்லாம் ஜாஸ்திதான் கேக்கறானுங்க."

"கம்மியாவே வையிப்பா" என்றேன். சொன்னபிறகுதான் ஞாபகம் வந்தது. இந்த வண்டியின் சத்தத்தைக் குறைத்து ஒருமுறை பட்டிருக்கிறேன்.

பெட்ரோலில் கலக்கிற டூ டி ஆயில் எரிகிற புகை உங்களுக்குத் தெரியும்தானே? எனக்கு அது வந்தால் கூடவே மாட்டுக்கொட்டகை வாசனையும் வந்துவிடும். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். கல்வராயன் மலை ஊர்களுக்குப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போட வேண்டும். சர்க்கார் வைத்த பதவிப் பெயர் ஒரு முழ நீளம். மலையில் நான் வெறும் ஊசிக்காரர். சைலன்சர் உளுத்துப்போன என் வண்டி சோளம் பொரிகிற மாதிரி படபடக்கும். நான் கீழ் வளைவில் திரும்பும்போதே மேலே மாட்டைக் கட்டி வைத்துவிடுவார்கள்.

அந்தச் சத்தம் என் மனைவிக்குத்தான் ஆகவில்லை. "ஊருக்கே தெரியணுமா நீங்க வூட்டுக்கு வரது?" என்றாள். சரியென்று புது சைலன்சர் மாட்டினேன். வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது. தியாகதுருகம் வரைக்கும் சும்மா ஒரு சுற்று போய்வந்தேன், புது மாப்பிள்ளை தோற்றான்.

மறுநாளே வெள்ளிமலை பஸ் கண்டக்டர் மருந்தகத்துக்கு ஓடி வந்தார். "சார், மேல பூங்காவனத்தம்மா பசு கன்னு போட முடியாம கெடக்குதாம்." பூங்காவனம் தனியாள்; அந்த ஒரு பசுதான் அவளுக்குச் சோறு. கலப்புக் கன்று பிறந்தால் பால் ஜாஸ்தி என்று ஆசை காட்டி ஊசி போட்டவனும் நான்தான். பறந்தேன்.

ஊருக்குள் நுழைந்தால் ஒரு ஈ காக்கை இல்லை. அடுப்பில் கூழ் கொதிக்கிறது, கிளற ஆளில்லை. கொட்டகையில் பூங்காவனம் மட்டும் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதேவிட்டாள்.

"நீங்களா சார்? சத்தமே இல்லாம வண்டி வருதுன்னதும் சாராய ரெய்டுன்னு அல்லாரும் காட்டுக்குள்ள பூந்துட்டாங்க. இத்த வுட்டுட்டு நான் எங்க போறது?"

எங்கேயோ எவனோ காய்ச்சுவான்; ரெய்டு வந்தால் அகப்பட்டவனெல்லாம் ஜீப்பில் ஏறுவான். அதனால் குற்றமற்றவர்கள்தான் முதலில் ஓடுவார்கள். அந்த நாள் நியாயம் அது.

கையை விட்டுப் பார்த்தேன். கன்றின் ஒரு கால் மடங்கியிருந்தது. நீட்டிவிட்டுக் கயிறு கட்டி இழுத்தோம். நாங்கள் பசுவை இழுத்ததைவிடப் பசு எங்களை இழுத்ததுதான் அதிகம். இன்னும் நாலு கை இல்லாமல் ஆகாது. பசுவுக்கோ கண் செருக ஆரம்பித்துவிட்டது.

"கூப்பிடும்மா அவங்கள!"

"நான் கூப்டா போலீஸ் புடிச்சி கூப்பிட வெக்குதுன்னு இன்னும் தூரமா ஓடுவாங்க. உங்க வண்டி பழைய மாதிரி கத்தினா வருவாங்க சார்."

எனக்குத் தோன்றாமல் போனது இதுதான். சைலன்சருக்குள் சத்தத்தை அமுக்குகிற குழாய் ஒன்று உண்டு, ஒரே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றி, துணியைச் சுற்றி உருவினேன். விரல் பொசுங்கியது. உதைத்து, முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். மலையே அதிர்ந்தது. முதலில் ஒரு நாய் வந்தது. அப்புறம் புதருக்குள்ளிருந்து ஒரு குரல்: "டேய், நம்ம ஊசிக்காரர்டா!"

ஆறேழு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது கன்று. அசையவில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் கிச்சுக்கிச்சு மூட்டினேன். தும்மியது. அந்தத் தும்மலைக் கேட்டதும் அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டேன். பூங்காவனம் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதன்பிறகு அந்தக் குழாயை நான் மாட்டவே இல்லை; மனைவியும் கதையைக் கேட்டபின் காதைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, சேட்டு பூட்டிக் கொடுத்த வண்டியில் அந்த ஊருக்குப் போனேன். தலையில் ஹெல்மெட், வண்டியில் சத்தமே இல்லை. திருப்பத்தில், மறுபடியும் எல்லாரும் ஓடிவிடுவார்களோ என்று தோன்றியது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். அன்று கயிறு பிடித்தவர்களில் ஒருவர், நரைத்துப்போய், ரோட்டில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ முன்பின் தெரியாதவன், சத்தமில்லாத வண்டியில் பக்கத்தில் வந்து நிற்கிறான். மனிதர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? வண்டிய ஓரமா வுடுய்யா, சாமை காயுதில்ல!"

ஒருவர் என்னைத் திட்டி இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.