நீக்கிலாப்பிள்ளையின் வாயில் வந்த வெள்ளை

கூழில் அன்று உறைப்பு அதிகமில்லை. ஆனாலும் நீக்கிலாப்பிள்ளை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டார்.

"வாயைத் திறவுங்கோ," என்றாள் மனைவி மக்டலீன்.

இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாய்த் தடித்திருந்தது. குருநகரில் அவரோடு மீன்பிடித் தொழிலுக்குப் போகிற எல்லாரையும் போல அவரும் கடலில் நித்திரை வராமலிருக்கத்தான் வெற்றிலையும் புகையிலையும் போடத் தொடங்கினார். 1993இல் போர்க்காலத் தடையால் ஆழக்கடலுக்குப் போக வழியில்லை. கரையையொட்டிய ஆழமில்லாத களப்பில் இறால் பிடித்தார். வெற்றிலை மட்டும் நிற்கவில்லை. வெள்ளையைச் சில மாதங்களாகவே மறைத்து வந்தார். மக்டலீன் ஏழு மாதக் கர்ப்பிணி.

அவள் விடவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் அருந்ததி கன்னத்தில் சின்னத் துண்டொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

"உது ஏன் வந்தது, டொக்டர்?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

"புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் ஒண்டாய் ஊறேக்கை, கேடு செய்யிற ஒருவகை ஒட்சிசன் உண்டாகும். அது உடம்பை ஆக்கியிருக்கிற சின்னச் சின்னக் கலத்துக்குள்ளை போய் டி.என்.ஏயைப் பழுதாக்கும். டி.என்.ஏ எண்டால், கலம் எப்பிடி வேலை செய்யவேணும் எண்டு எழுதிவைச்ச மாதிரி. பழுதானதை உடம்பு திருத்தும். திருத்த முந்திக் கலம் இரண்டாய்ப் பிரிஞ்சால், பிழையோடை படி எடுத்துப்போடும். பிறகு அந்தப் பிழை மாறாது. அப்பிடிப் பிழையள் சேர்ந்தால்தான் புற்றுநோய்."

அதன்பின் நீக்கிலாப்பிள்ளை வீட்டில் சரியாய்ச் சாப்பிடவில்லை. சோதனையின் மறுமொழிக்குப் போனபோது, டொக்டர் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்:

"எனக்கு வாறது வரட்டும். அந்தப் பிழை பிள்ளைக்கும் போகுமோ?"

மக்டலீன் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் இதற்காகவா இந்த மனிதர் சாப்பிடாமல் கிடந்தார்?

"போகாது, அண்ணை. வாய்த்தோலிலை வந்த மாற்றம் அந்தத் தோலோடைதான். உங்களுக்கும் புற்றுநோய் இல்லை. கலங்கள் கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கு, அவ்வளவுதான். இண்டைக்கே வெற்றிலையை விடுங்கோ. ஒழுங்காய் வந்து காட்டுங்கோ."

"ஓம்," என்றார்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தார். மக்டலீன் அவருடைய மடியிலிருந்த வெற்றிலைப் பையை உருவி வாய்க்காலில் எறிந்தாள். அவர் தடுக்கவில்லை.

முதல் மாதம் கடும் கஷ்டம். வறுத்த கொத்தமல்லியை மென்று சமாளித்தார். மாரி தொடங்க மகள் பிறந்தாள். அடுத்த தவக்காலத்துக்குள் வெள்ளை பெரும்பாலும் மங்கிவிட்டது. டொக்டர் வரச் சொன்ன நாட்களில், நினைவூட்ட ஆளில்லாமலே, விடியவே வெளிக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரி வாங்கில் முதல் ஆளாய்க் குந்தியிருப்பார்.